தாளின் அடியில் இரண்டு எழுத்து

அக்டோபர் 5, செவ்வாய்
வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் என் கணவன் ஆர்வெல் டிவி முன்னால் குதிக்காத குறை. ஜனாதிபதி தேர்தலில் நிற்கும் கவர்னர் ரோர்க் அறுபத்தொன்பதாம் வருஷம் போருக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்தாராம். ராணுவத் தாளே கிடைத்துவிட்டதாம். "பாத்தியா! இந்த ஆளா நமக்கு ஜனாதிபதி?" என்றான்.

தாளைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். ஜார்ஜியா ராணுவத் தளம். அங்கேதான் அந்த வருஷம் நான் டைப்பிஸ்ட். அடியில், டைப் அடித்தவரின் முதலெழுத்துகள்: எல்.ஹெச். லோர்னா ஹாட்ச். நான்.

அக்டோபர் 6
நான் அடித்தேனா? ஒரு நாளைக்கு அறுபது தாள் அடிப்பேன். எதையும் படித்து அடித்ததில்லை. நினைவில்லை — நினைவில்லை என்றால் அடிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

அக்டோபர் 8
ஒரு நிருபர் போன் செய்தார். "எல்.ஹெச். நீங்கதானே மேடம்?" பயத்தில் வாய் உளறிவிட்டது. "நானாத்தான் இருக்கும்" என்றேன்.

அக்டோபர் 9
'டைப் அடித்த பெண்மணி உறுதி செய்தார்.' முதல் பக்கம். உறுதியாம்! இருக்கும் என்றுதானே சொன்னேன்? ஆர்வெலுக்குத் தலைகால் புரியவில்லை. காபிக் கடை முழுக்க "என் பொண்டாட்டி, என் பொண்டாட்டி" என்று பீற்றிக்கொள்கிறான்.

அக்டோபர் 12
தபால்பெட்டியில் பெயரில்லாத கடிதம். 'பொய் சொன்ன வாயைத் தைச்சுடுவோம்.' கீழே எங்கள் கார் நம்பர். இன்று வேலைக்கு நடந்தே போனேன். பின்னால் யார் வந்தாலும் ஒதுங்கி நின்று வழிவிட்டேன்.

அக்டோபர் 16, சனி
எங்கள் கல்யாண நாள். ஆர்வெல் கேக் வாங்கி வந்தான். "முப்பத்திமூணு வருஷம் என்னை எப்படித்தான் பொறுத்துக்கிட்டியோ!" என்று சிரித்தான்.

கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். கல்யாணம் எழுபத்தொன்றில். தாள் அறுபத்தொன்பது. அப்போது நான் ஹாட்ச் இல்லையே — லோர்னா டீக்! அன்று நான் அடித்த தாள்களில் எல்.டி. என்றுதான் இருக்கும்.

தளத்தின் பழைய ஊழியர்களுக்கு இணையத்தில் ஒரு முகவரிப் பட்டியல் உண்டு. அதில் ஹாட்ச் என்று மட்டும்தான் கொடுத்திருந்தேன். யாரோ அதைப் பார்த்துத்தான் இந்தப் பொய்த் தாளை...

நான் சொன்னதும் ஆர்வெல் முகம் சுருங்கிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாத லோர்னா. தேர்தல் முடியட்டும்."

"பொய்னு தெரிஞ்சுமா?"

"ரோர்க் ஜெயிச்சுத் தொலைச்சா?"

கேக்கைத் தொடாமல் எழுந்து போனான்.

அக்டோபர் 18
கல்யாணப் பத்திரத்தோடு மத்திய அரசுப் புலனாய்வு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி சொன்னார்: "இந்தத் தாள் முதல்ல வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் ஒண்ணுலேர்ந்துதான் வந்திருக்கும்மா. எவன்னு தேடிக்கிட்டிருக்கோம். நம்ம ஊர்க்காரனா இருந்தா, பொம்பளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி வேற பேர் இருந்திருக்கும்னு யோசிச்சிருப்பான்."

என் முகம்கூடத் தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்து என் பெயரை எடுத்திருக்கிறான். வீட்டு விலாசமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

அக்டோபர் 20
பேப்பரில் திருத்தம், தாள் போலி என்று. பதினேழாம் பக்கம், நாலு வரி. இப்போது ரோர்க்கை எதிர்ப்பவர்கள் போனில் கத்துகிறார்கள்: "எவனுக்குடி விலை போன?" ஆர்வெல் என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 2, செவ்வாய்
வாக்குச்சாவடி. மேஜையில் இருந்த பெண் "பேரு?" என்றாள். ஹாட்ச் என்றால் வரிசையே திரும்பிப் பார்க்கும்.

பின்னாலிருந்து ஆர்வெல் குரல். "லோர்னா டீக் ஹாட்ச். டீக்கையும் சேத்து சத்தமாப் படிம்மா." யாரோ கனைத்தார்கள். ஆர்வெல் அந்தப் பக்கம் திரும்பினான். "நான் ரோர்க்குக்குப் போடப் போறதில்ல. ஆனா அந்தத் தாள் பொய்."

இரண்டு வாரத்துக்குப் பிறகு பேசியிருக்கிறான். அழுதுவிட்டேன்.

நவம்பர் 4
ரோர்க் தோற்றுவிட்டார்.

பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் கிளீட்டா வந்து கட்டிக்கொண்டாள். "யாருக்குப் போடறதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். நீ அந்தத் தாள் நிஜம்னு சொன்னதைப் பாத்துத்தான் முடிவு பண்ணேன், லோர்னா."

"அது பொய், கிளீட்டா. திருத்தம் வந்துச்சே, பாக்கலியா?"

"அட, எல்லாத்தையும் யாரு படிக்கிறா?" சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வருகைப் பதிவேட்டில் இன்று எல்.டி.ஹெச். என்று போட்டேன். முப்பத்திமூன்று வருஷமாக எழுதாததில் நடு எழுத்து சரியாக விழவில்லை.