கண்ணாடிச் சங்கிலி அறுந்தது குறித்து

அன்பு மனைவிக்கு,

நீயும் குழந்தையும் நலமென்றே நம்பி எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தணிந்ததா? எனக்கு நோய்நொடி ஏதுமில்லை, அலுப்பு மட்டுமே.

நீ கோத்து அனுப்பிய மூக்குக்கண்ணாடிச் சங்கிலி நேற்று அலுவலகக் கூட்டத்தின் நடுவே அறுந்துவிட்டது. பதற வேண்டாம், கண்ணாடிக்குச் சேதமில்லை. மணிகள் மேசைக்கடியில் உருண்டோடின. "வக்கீல் சார், கேஸைப் பாக்க வந்தவங்களை மணி பொறுக்க வச்சிட்டீங்களே!" என்று மேலாளர் குனிந்தபடியே சிரித்தார். தட்டச்சுப் பெண்மணி, "யாரு சார் கோத்தது?" என்றார். "வீட்டுலதாம்மா" என்றேன். இங்கு வந்தபின் வேலையைப் பற்றியல்லாமல் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

இதே முறையில் கோத்த மணிமாலையை, உன்னிடம் கேட்டிருக்கும் அந்த மணப்பெண்ணுக்குத் தரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகத் தரலாம். உன் வேலையில் குறையில்லை. மணிகளைக் கோத்த கம்பியின் மடக்கிய முனை கழுத்தில் குத்தியதால், நீ நசுக்கிப் பூட்டியிருந்த சிறு உலோக மணியை ஒட்டி நானே அதை நகவெட்டியால் நறுக்கிவிட்டேன். பிடிமானம் போய்க் கம்பி நழுவிவிட்டது. எனினும் முன்னெச்சரிக்கையாக, மாலையில் அந்த முனையைச் சற்று நீளமாக விட்டு, பக்கத்து மணிகளுக்குள் திருப்பிச் செருகிவிடு. கொடுக்குமுன் ஒருமுறை இழுத்தும் பார்.

எனக்குக் கொஞ்சம் கம்பியும் பூட்டு மணிகளும் அனுப்பு. நசுக்கும் விதத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம், தொலைபேசியில் சொல். அலுவலக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். மெதுவாகவே சொல், எனக்கு இதெல்லாம் புரிய வெகுநேரம் ஆகும்.

உன் கணவன்