முழங்கையில் வைத்த கை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து விடப் போனால்தான் பச்சைப் பிள்ளைபோல அடம்பிடிக்கிறார். பேத்தி தானே செருப்பு மாட்டுகிறாள், சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கிறாள், தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் போன வாரம் நாம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் வந்து உன் முழங்கையில் கையை வைத்துவிட்டு வாய் திறக்காமல் நின்றாள், "எல்லாம் நீ கத்துக்கொடுத்ததுதாம்மா" என்று நீ சிரித்தாய், அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் கற்றுக்கொடுத்ததுதான். தையல் மெஷின் பக்கம் யாராவது அளவு கொடுத்துக்கொண்டிருந்தால் குறுக்கே பேசக் கூடாது, முழங்கையைத் தொட்டுவிட்டு நிற்க வேண்டும், நான் திரும்பினால்தான் பேச வேண்டும் என்று உன் ஐந்து வயதில் பழக்கினேன். உன் தங்கை, நம் உருண்டை, குளியலறைத் தொட்டியில் விழுந்து நம்மை விட்டுப் போன அன்று நீ தாமதமாக வந்து சொன்னாய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நீயும் அப்படியே நம்பி வளர்ந்துவிட்டாய். இல்லையடி. நீ உடனே ஓடி வந்தாய். உன் கை ஈரமாக என் முழங்கையில் பட்டது. நான் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கி இரு என்று காட்டினேன். அளவு கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர், எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று மெச்சினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று, எடுத்த தோள் அளவையே மறுபடியும் எடுத்தேன்.

கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்பா உன்னைக் கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முப்பது வருஷமாக வேலைக்கு நடுவில் என் முழங்கையில் உன் கை பட்ட அந்த இடம் திடீரென்று சில்லென்று ஆகிறது, துடைத்துப் பார்த்தால் ஈரம் இருக்காது. யாரிடமும் சொன்னதில்லை, பயமாக இருந்தது. பேத்திக்கு நன்றி சொல்லவும் வரிசையில் நிற்கவும் தாராளமாகக் கற்றுக்கொடு, ஆனால் ஆபத்து என்றால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் கத்த வேண்டும், புடவையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அதற்கு முன்னால் கற்றுக்கொடு. விளையாட்டாகவே கத்திப் பழகட்டும், பக்கத்து வீட்டார் முறைத்தால் முறைக்கட்டும்.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இத்தன வருஷமா அந்தப் புள்ளய ஒரு மாதிரியாவே பாத்துட்டேனே" என்றார், அவ்வளவுதான்.

நீ என்மேல் கோபப்படு, அது நியாயம். மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் அப்பாவிடமிருந்து வரும். எடுத்ததும் அவருக்குப் பேச்சு வராது. வைத்துவிடாதே.

உன் அம்மா