பேட்ஜ் காப்பாற்றாது

12-3-98, வியாழன்

இன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி முருகன், நாளைக் காலை சத்தியவேட்டிலிருந்து பஸ் ஏறுகிறான். "பேட்ஜைக் குத்திக்கினே இரு, அதுதான் உன்னைக் காப்பாத்தும்" என்றாள் அவன் மனைவி கஸ்தூரி. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற எனக்குப் பொறுக்குமா? அது காப்பாற்றாது, உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும், அளவு மீறினால் வேலையை நிறுத்துவார்கள் என்று விளக்கினேன்.

முருகனின் முகம் மலர்ந்தது. "அப்போ கழட்டி வெச்சிட்டுப் போனா நிறுத்தமாட்டாங்க!"

"டிரெயினிங்ல இதெல்லாம் சொல்லலியா?" என்றேன்.

"சொன்னாங்கக்கா, இந்தியில."

கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒழுங்கா குத்திக்கினு இருந்த மனுசன் அக்கா!"

அளவு மீறினால் உடம்புக்கு என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். "சம்பளம் நின்னா என்னா ஆவும், அதைச் சொல்லு" என்றான். வேறு வழியில்லாமல், நான் சொன்னது பழைய பேட்ஜ், இப்போது வருவது காப்பாற்றும் என்றேன்.

"ஏழுமலையான் மேல சத்தியமா?"

கோயில் பக்கமே போகாதவள், சத்தியம் செய்தேன்.

"அப்படின்னா ரெண்டு கேட்டு வாங்கிக்கறேன்" என்றான்.

இரண்டு பேட்ஜ் குத்திய தைரியத்தில் எங்கே போய் நிற்பானோ. ஆறு மணி பஸ்ஸுக்கு முன் எழுந்து மறுபடியும் பேச வேண்டும்.