அம்மா நீட்டாத இடக்கை

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் வலது முழங்கை மட்டும் கொஞ்சம் சரியில்லை. பதறாதே, முழுவதும் படித்துவிட்டு அப்புறம் போன் செய். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை, உன்னிடம் வருவதற்காக அலமாரி மேலிருந்த பெட்டியை எடுக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது தடுமாறி, கையை ஊன்றி விழுந்துவிட்டாள். வெறும் சுளுக்குதாங்க என்று இரண்டு நாள் என் வாயை அடைத்தாள். மூன்றாம் நாள் இடக்கையால் தலைவாரப் போராடுவதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பில் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ எப்படி விழுந்தாள், எந்தக் கையை ஊன்றினாள் என்று கதை கேட்டார், பிறகு அடிபடாத கையை முதலில் தொட்டுப் பார்த்தார். சரியான விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாள் திருத்துவது மாதிரி, எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துப்போயிற்று. விரல்களை விரிக்கச் சொன்னார், மணிக்கட்டில் நாடி பார்த்தார், தோளையும் விடவில்லை, வலிக்கிற இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு கையையும் நன்றாக நீட்டச் சொன்னார். முழுவதும் நீளுகிற முழங்கையில் எலும்பு முறிவு இருப்பது அபூர்வமாம். அம்மா நீட்டினாள். இரண்டும் ஒரே அளவு மடங்கி நின்றன. எனக்குப் பொறந்ததுலேருந்தே இப்படித்தான் டாக்டர் என்றாள். நானும் தலையாட்டினேன் என்பதுதான் வெட்கம். முப்பத்திரண்டு வருஷம் தேர்வு அறையில் காப்பி அடிப்பவர்களைப் பிடித்தவன் நான்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. உள்ள வரும்போது இடது கையை நேரா நீட்டித்தானேம்மா கதவைத் தள்ளினீங்க என்றார். நாங்கள் உட்காரும் முன்பே அவர் பரிசோதனையைத் தொடங்கிவிட்டார், பார். அம்மாவின் இடக்கை மெல்ல நீண்டது, வலக்கை பாதியிலேயே நின்றது. முழங்கையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் விரல் வைத்து, உள்ளங்கையைத் திருப்பச் சொன்னதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எதுக்கும்மா இந்த நடிப்பு என்று கேட்டார். அடுத்த மாசம் பொண்ணுக்குப் பிரசவம், நீங்க கட்டுப் போட்டீங்கன்னா இந்த மனுஷன் என்னை விமானம் ஏற விடமாட்டாரு என்றாள் உன் அம்மா.

பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தில் முழங்கை எலும்பின் நுனியில் தலைமுடி அளவு விரிசல், விலகவில்லை. இதற்கு மாவுக்கட்டே கிடையாதாம். நாலு நாள் கையைத் துணியில் தொங்கவிட்டு, பிறகு பொறுக்கிற அளவு மடக்கி நீட்ட வேண்டும், சும்மா வைத்திருந்தால்தான் விறைத்துப்போகும். மறைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கியிருந்தால் விரிசல் விலகி ஆப்பரேஷன் வரை போயிருக்கலாம், பயணமும் நின்றிருக்கும் என்றபோது அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாமா டாக்டர் என்று மட்டும் கேட்டாள். தாராளமா போங்க, பெட்டியை சார் தூக்கட்டும் என்று என்னைக் கைகாட்டிவிட்டார். ஆகவே ஒரு டிக்கெட் இரண்டு டிக்கெட் ஆகிவிட்டது, எனக்கும் ஒரு மூலை ஒதுக்கி வை.

இன்னொன்று. உனக்குக் கால் வீங்குவதை மாப்பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா வயிற்றில் பிறந்தவள்தானே நீ. நாளைக்கே உன் டாக்டரிடம் போ, இரண்டு காலையும் காட்டு, கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல். தாயும் பிள்ளையுமாக நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் பெட்டி தூக்கும்
அப்பா