அந்த மஞ்சள் பூக் கொடிக்காக நீங்கள் கேட்டது

என் அன்புள்ள ராணி அக்கா,

நீங்கள் கண்மூடி ஏழு மாதம். ஜெர்மனியில், லைப்சிக்கில் நீங்கள் வாடகைக்கு வைத்திருந்த தோட்டத் துண்டைத் தோட்டச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காக நேற்று அங்கே போனேன். நீங்கள் பிடுங்கிய கொடி வேலியோரம் மறுபடி படர்ந்திருக்கிறது. ஐந்து விரல் விரித்ததுபோல் இலை, மஞ்சள் பூ, கணுவுக்குக் கணு வேர். அது ரோசாவின் இனம் என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன்.

போன வருடச் சங்கக் கூட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். களை பக்கத்துத் துண்டுக்குள் வருகிறது என்று முறைப்பாடு. உங்களுக்காக ஜெர்மனில் பேச என்னைக் கூட்டிப்போனீர்கள். எழுந்து நின்றீர்கள்.

"தங்கச்சி, வடிவாச் சொல்லு. இது களை இல்லை. என்னோட வேலை செய்த போலந்துக்காரி காட்டித் தந்தவ. இலையையும் வேரையும் அவிச்சுக் கொப்பளிச்சா வாய்ப்புண் ஆறும். வயித்தோட்டத்துக்கும் குடிக்கிறவையாம். கான்சருக்கு மருந்து ஏத்தத் தொடங்கினதில இருந்து எனக்கு வாயெல்லாம் புண். இதாலதான் கொஞ்சமெண்டாலும் சோறு இறங்குது. ஒரு மூலையிலயாவது விடச் சொல்லிக் கேள்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சிலை அவிக்கும் சனம் என்று எங்களை நினைப்பார்களே என்று எனக்குக் கூசியது. 'மன்னிப்புக் கேட்கிறார், எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்' என்று ஜெர்மனில் ஒரே வரியில் முடித்தேன்.

"நான் இவ்வளவு சொன்னன். அவ்வளவுதானோ?"

"ஜெர்மன்ல சுருக்கமாத்தான் வரும் அக்கா. அவை ஏலாது எண்டிட்டினம்."

மறுநாள் நீங்கள் முழங்காலிட்டுக் கொடியைப் பிடுங்கினீர்கள். பக்கத்தில் நானும் பிடுங்கினேன். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். உங்களுக்கு அன்றே விளங்கிவிட்டதா, அக்கா? எத்தனையோ வருடம் ஜெர்மன் வீடுகளில் துப்புரவு வேலை செய்தவர் நீங்கள். அந்த ஒரு வரியா விளங்காமல் போயிருக்கும்?

நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் ஹில்டா வந்தார். முறைப்பாடு கொடுத்தவர் அவர்தான். கொடியைப் பார்த்துவிட்டு, "சின்ன வயதில் வாயில் புண் வந்தால் என் தாய் இதைத்தான் அவித்துத் தருவார்" என்றார்.

உங்கள் வாய்ப்புண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அவர் ஒரு சொல் கேட்டிருந்தால் விட்டிருப்பேனே" என்றார்.

"கேட்டார். நான்தான் சொல்லவில்லை" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டார்.

வரும் சனிக்கிழமை மறுபடி சங்கக் கூட்டம். சாவியைக் கொடுக்குமுன் எழுந்து நின்று, நீங்கள் கேட்டதைப் புண்ணும் சோறும் விடாமல் அப்படியே சொல்வேன். யார் எப்படிப் பார்த்தாலும் சொல்வேன்.

உங்கள் சித்தியின் மகள்,
நீங்கள் நம்பிக் கூட்டிப்போன தங்கச்சி,
வதனி