ஆர் என்றால் சரி என்று நினைத்தேன்

சோழவந்தான்

அன்பு மகன் சூரியபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படி. போலந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. போனில் கேட்டால் நல்லாயிருக்கேன் என்கிறாய், இங்கே உன் அப்பாவும் போனைப் பிடுங்கி, "சும்மா ஒரு புண்ணுடா, ஆறிப்போச்சு" என்று முடித்துவிடுகிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினாலாவது எனக்கே விளங்குமா என்று பார்க்கிறேன், நடந்ததில் பாதி இன்னும் பிடிபடவில்லை.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருக்கும்போது வெட்டிவிட்ட அகத்திக் கட்டை ஒன்று அப்பா காலில் குத்திவிட்டது. சின்னக் காயம்தான். சக்கரை இருக்கிற உடம்பு, டாக்டரிடம் காட்டுவோம் என்றேன், கேட்கவில்லை. மெடிக்கலில் புண் ஆற மாத்திரை வாங்கிப் போட்டார், வலி குறைந்ததும் விட்டுவிட்டார், மறுபடி சீழ் வைத்ததும் அதே மாத்திரை, மறுபடியும் விட்டார். பிறகு உன் பேயாண்டி மாமா தனக்குப் பல் வீங்கியபோது தின்று மிச்சம் வைத்திருந்ததைக் கொண்டுவந்து, "இது பவர் கூடுன மாத்திர தங்கச்சி, டக்குனு கேக்கும்" என்று கொடுத்தார். அதுவும் கொஞ்ச நாள் கேட்டது போலத்தான் இருந்தது. ஒரு காலையில் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, கணுக்கால் வரை வீங்கிச் சிவந்து சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. மாமா கார் பிடித்து வர, மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அங்கே சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று பார்ப்பதற்காம். அதுவரை ஏதோ ஊசி ஏறிக்கொண்டே இருந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. காகிதம் வந்தது. மருந்துப் பெயராக வரிசையாய் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் ஆர், ஆர், ஆர் என்று போட்டு, அடியில் எங்கோ ஒரு எஸ். ஆர் என்றால் ரைட்டு, எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் யூனுஸ் பாய் என்று ஒருவர் வயிற்றில் ஆபரேஷன் செய்து படுத்திருந்தார், அவர் மனைவி சாதிகாவும் நானும் டீயைப் பங்கு போட்டுக் குடிக்கிற அளவுக்குப் பழகியிருந்தோம். அவளிடம், "பாருக்கா, எங்க வீட்டுக்காரருக்கு அம்புட்டு மருந்தும் ஒத்துக்கிருமாம்" என்று சந்தோஷமாகக் காட்டினேன். அவளும் "அல்லா காப்பாத்திட்டான்" என்றாள். வந்து பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆர்னா கிருமி அந்த மருந்துக்கு அடங்காதுன்னு அர்த்தம்மா. கேக்கிறது இந்த ஒண்ணுதான்" என்று எஸ்ஸைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அத்தனை ஆரையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிறைய மாத்திரை தின்று அவர் உடம்பு பழகிவிட்டதா என்று கேட்டேன். "உடம்பு பழகலம்மா, கிருமிதான் பழகிருச்சு. மருந்துக்குச் சாகிறது சாகும், தப்பிச்சது பெருகும், அதோட வாரிசுக்கெல்லாம் அந்த மருந்து ஒண்ணும் செய்யாது" என்றார். எங்களால்தானா என்றால், அதுவும் இருக்கலாம், வேறு யாரோ எங்கோ தின்ற மருந்துக்குப் பழகிய கிருமி மண் வழியாகவோ கை வழியாகவோ இவர் காலுக்கு வந்திருக்கவும் செய்யலாம் என்கிறார். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. உன் மாமா தன் மாத்திரையால்தான் என்று வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டார், அவரைத் தேற்றுவதா இவரைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது.

அன்றே அப்பா கட்டிலை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். சிஸ்டர்கள் கையுறை போடாமல் கிட்டே வருவதில்லை, சாதிகாவும் வரவில்லை. "என்னய எதுக்குடி ஒதுக்கி வைக்கிறாக" என்று அப்பா கேட்டார். அந்தக் கிருமி மற்ற நோயாளிகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்பதற்காம். அவருக்குச் சோறு ஊட்டலாமா கூடாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். நல்லா ஊட்டுங்க, முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க என்றார். கழுவிக் கழுவி என் கைத்தோல் உரிந்துவிட்டது.

கறுத்த விரல்கள் இரண்டையும் எடுத்தாக வேண்டும், அந்த ஒரு ஊசி கேட்டால் பாதம் தப்பும், கேட்காவிட்டால் கணுக்காலுக்கு மேலேயிருந்தே காலை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். அப்பா, "வெரல வெட்டுனா கொடிக்கால்ல ஏணியில எப்படி நிப்பேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்கிறார். மாமா எழுமலைப் பக்கம் பச்சிலை கட்டுகிற ஆள் இருக்கிறார், வண்டி வரச் சொல்லவா என்கிறார். உனக்குப் போன் போட்டேன், நீ ஷிப்டில் இருந்தாய் போல, எடுக்கவில்லை. ஒருத்தியாக நின்று யோசித்து ஒன்றும் பிடிபடாமல், அப்பாவிடம் போய், "வெரலு போனாப் போகுது, நீங்க இருங்க" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "சரி, செய்யச் சொல்லு" என்றார்.

விரல்களை எடுத்தார்கள். அந்த ஊசி கிட்னியைப் பாதிக்குமாம், தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் போட்டார்கள். ஊசி கேட்டுக் காய்ச்சல் இறங்கிய ஒரு காலையில் அப்பா தானே இட்லியைப் பிட்டு வாயில் வைத்து, "சட்னியில உப்பு இல்ல" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். வீட்டுக்குக் கிளம்பும்போது சாதிகா தள்ளி நின்றே, "தப்பா நெனச்சிக்காதம்மா, எங்க வீட்டுக்காரரு வயித்துப் புண்ணு இன்னும் மூடல" என்றாள். நீ செய்ததுதான் சரி அக்கா என்றேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது கம்பை ஊன்றி வாசல் வரை நடக்கிறார். கொடிக்காலை மாமா பார்த்துக்கொள்கிறார். எனக்குத்தான் குழப்பம் தீரவில்லை. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் தின்னாதீர்கள் என்று சொன்ன அதே டாக்டரம்மா, கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றும் சொல்கிறார். தின்பதும் பயமாக இருக்கிறது, விடுவதும் பயமாக இருக்கிறது. காகிதத்தில் எழுதித் தந்தபடி கொடுத்துக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நீ புறப்படும்போது சளிக்கு, காய்ச்சலுக்கு என்று உன் பெட்டியில் ஒரு பொட்டலம் வைத்தேனே, அதில் இந்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் இருக்கிறது அய்யா. தும்மல் வந்தால் எடுத்துப் போட்டுவிடாதே. முடியாவிட்டால் அங்கே டாக்டரைப் பார், அவர் கொடுப்பதை அவர் சொன்னபடி சாப்பிடு. அதைக் குப்பையில் போடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், குப்பையில் இருக்கும் கிருமியும் மருந்துக்குப் பழகும், வேண்டாம் என்கிறார், மருந்துக் கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று விசாரி. நம்ம ஊர் ஜெனகை மாரி உன் கைகால் சுகத்தைக் காக்கட்டும், நல்ல தூக்கமும் வாய்க்கு ருசியான சோறும் உனக்குக் கிடைக்கட்டும். அம்மா கையால் கட்டிக் கொடுத்தது என்று அந்தப் பொட்டலத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்காதே.

உன் அம்மா
முனீஸ்வரி