கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கம்

ஒட்டுசுட்டான்
மார்கழி 14

அன்புள்ள மகன் நிரோஜனுக்கு,

அம்மா எழுதிக்கொள்ளுறது. தான்தோன்றீஸ்வரர் புண்ணியத்தில இஞ்ச நாங்கள் மூண்டு பேரும், மேனுகாவின்ர வயித்தில இருக்கிறதையும் சேர்த்தால் நாலு பேரும், சுகமா இருக்கிறம். நீயும் அங்க சுகமா இருக்கவேணும் எண்டுதான் விளக்கு வைக்கேக்க கேக்கிறன், இந்தக் கோவத்திலயும் ஒரு நாள் அதைக் கேக்காமல் விடேல்லை. போன் இருக்கேக்க அம்மா என்னத்துக்குக் கடிதம் எழுதுறா எண்டு நினைப்பாய். போனில நான் ரெண்டு வசனம் சொல்ல முந்தி சிக்னல் இல்லை எண்டு வெட்டிப்போடுவாய், கடிதத்தை வெட்டேலாது. யோகலிங்கத்தாற்ற மகன் லீவு முடிஞ்சு திங்கக்கிழமை டோகாவுக்கு வாறான், அவனிட்ட ஒட்டிக் குடுத்து விடுறன். அறையில மற்றப் பெடியள் இல்லாத நேரமாப் பாத்து ஆறுதலா வாசி.

மழை விட்டபாடில்லை. குளம் நிரம்பி வான் பாயுது, கீழ் வயல் நாலு நாள் தண்ணிக்குள்ள கிடந்து இப்பதான் பயிர் தலை காட்டுது. போன கிழமை ஆனை வந்து வேலியையும் ரெண்டு வாழையையும் சரிச்சுப்போட்டுப் போட்டுது. கொப்பாவுக்கு முழங்கால் வீக்கம், எண்டாலும் மண்வெட்டியோட வரம்பில நிக்கிறார், சொன்னாக் கேக்கிற மனிசனோ. கக்கூஸ் குழி தண்ணி நிரம்பி வளவு முழுக்க நாத்தம், மூண்டு நாளா ஒரு வாய் சோறு இறங்கேல்லை. அந்த நாத்தத்துக்குச் சுண்ணாம்பு போட்டம், அடங்கீட்டுது. இனி நான் எழுதப்போறதுக்கு என்னத்தைப் போடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

இந்த மாதம் அஞ்சாம் திகதி, வியாழக்கிழமை காலமை, கொப்பா வயலுக்குப் போன பிறகு நான் பின்பக்கம் கோழிக்கூடு கழுவிக்கொண்டு நிண்டனான். குசினிக்குள்ள என்ர மருமகள் மேனுகா இடியப்பத்துக்கு மாக் குழைச்சுக்கொண்டிருந்தவள், சத்தத்தைக் காணேல்லை எண்டு எட்டிப் பாத்தால் அலுமாரியைப் பிடிச்சுக்கொண்டு சொண்டைக் கடிச்சபடி நிக்கிறாள். என்ன பிள்ளை எண்டு கேக்க ஒண்டுமில்லை மாமி எண்டாள். வயித்தில கை வச்சுப் பாத்தன், பச்சைப் பூசணிக்காய் மாதிரி இறுகிக் கிடக்குது. கொஞ்ச நேரத்தால தளர்ந்துது. எத்தினை தரம் வந்தது எண்டு கேக்க முதல் ரெண்டு எண்டாள், பிறகு விடியப்பறம் தொடங்கி ஏழெட்டு எண்டாள். முப்பத்தினாலு கிழமைதானே ஆகுது, தைப்பொங்கல் கழிச்சுத்தானே திகதி குடுத்தவை. நானும் ரெண்டு பெத்தவள்தான், ஆனால் உன்னை வயித்தில வச்சுக்கொண்டு இடம்பெயர்ந்து நடந்தவளுக்கு எது நடந்த நோ எது பிள்ளை நோ எண்டு ஆர் பிரிச்சுச் சொன்னது. அதால எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நான் நிக்கேல்லை, சாரங்கா மிசுக்கு எடுப்பம் எண்டு போனைத் தூக்கினன். அவா எங்கட பகுதிக்குப் புதுசா வந்த குடும்பநல மாது, உன்னை விட ரெண்டு மூண்டு வயசு கூட இருக்கும், எந்த வெள்ளத்துக்குள்ளயும் ஸ்கூட்டியில வந்து நிப்பா. மேனுகா என்ர கையை இறுக்கிப் பிடிச்சாள். எடுக்காதேங்கோ மாமி, இப்ப ஒண்டும் வரக்கூடாது, பொங்கல் வரும் மட்டும் நான் தாங்கிக்கொள்ளுவன் எண்டு அழுதாள். பிள்ளை வாறதை ஆரும் தாங்கி வைக்கலாமோ. பயத்தில புலம்புறாள் எண்டுதான் நான் விளங்கினன்.

மிஸ் போனிலயே ஒவ்வொண்டாக் கேட்டா. தண்ணி உடைஞ்சதோ, ரத்தம் பட்டதோ, பிள்ளை துடிக்குதோ எண்டு. தண்ணியும் இல்லை ரத்தமும் இல்லை, பிள்ளை துடிக்குது எண்டன். இடப்பக்கமாப் படுக்க விடுங்கோ, ரெண்டு பெரிய கிளாஸ் தண்ணி குடுங்கோ, ஒவ்வொரு இறுக்கமும் எத்தினை மணிக்கு வருது எண்டு எழுதி வையுங்கோ, நான் கிளினிக்கில நிக்கிறன் ஒரு மணித்தியாலத்தில வாறன், அதுக்குள்ள ஒழுங்கா கிட்டக் கிட்ட வந்தால் என்னைப் பாத்துக்கொண்டிருக்காமல் அம்புலன்சுக்கு அடியுங்கோ எண்டா. அந்த ஒரு மணித்தியாலம் இருக்கே மகன், எதிரிக்கும் வேண்டாம். கலண்டர்த் தாளின்ர பின்பக்கத்தில எழுதினன், எட்டு இருபது, எட்டு முப்பத்திரண்டு. பிறகு கன நேரம் ஒண்டுமில்லை, அப்பாடா எண்டு இருக்க எட்டு ஐம்பத்தாறு, உடன ஒன்பது அஞ்சு. ஒன்பது நிமிசம்தான் இடைவெளி, அம்புலன்ஸ் நம்பரை அடிச்சுக் கையில வச்சுக்கொண்டு நிண்டன். மழை கூரையில கொட்டுற சத்தத்தில பிள்ளை என்ன சொல்லுறாள் எண்டும் கேக்கேல்லை. உதட்டைப் பாத்தன், பிள்ளையாரே பிள்ளையாரே எண்டு கொண்டு கிடந்தாள்.

மிஸ் தெப்பமா நனைஞ்சு வந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ரெண்டு உள்ளங்கையையும் உரஞ்சிச் சூடாக்கிப் போட்டுத்தான் வயித்தில வச்சா. எனக்கு அதுலயே பாதிப் பயம் போச்சு. குழாயை வச்சுக் கன நேரம் காது குடுத்தா, பிள்ளையின்ர இதயம் நல்லா அடிக்குது எண்டா. பக்கத்தில கதிரையைப் போட்டு அரை மணித்தியாலத்துக்கு மேல இருந்து பாத்தா, இறுக்கம் ஒருக்கால் வந்துது, அதுவும் வந்த வேகத்தில போச்சு. அம்மா இது பிள்ளை வாற நோ இல்லை, வயிறு பழகிப் பாக்குது, பிள்ளை வாற நோ எண்டால் படுத்தாலும் தண்ணி குடிச்சாலும் நிக்காது, வரவரக் கூடி ஒரு கணக்கில வரும் எண்டு எனக்கு விளங்கப்படுத்தினா. பிறகு மேனுகாவின்ர நாக்கையும் கண்ணையும் பாத்துப்போட்டு, நீங்கள் தண்ணி குடிக்கிறதில்லையோ, கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டா. அவள் என்னைப் பாத்தாள், மிசைப் பாத்தாள், பிறகு சின்னக் குரலில கேட்டாள், மிஸ் இப்ப பிள்ளை பிறந்தால் எத்தினை மாதத்துப் பிள்ளை எண்டு ஆசுபத்திரியில எழுதுவினம், அதை எல்லாருக்கும் காட்டலாமோ எண்டு.

மிஸ் அனுபவப்பட்ட பிள்ளை, உடன விளங்கீட்டுது. எனக்குத்தான் விளங்கேல்லை. ஆருக்குக் காட்டவேணும் எண்டு மிஸ் கேக்க, மேனுகா தலகாணிக்குக் கீழ இருந்து போனை எடுத்து உன்ர குரலைப் போட்டு விட்டாள். செவ்வாய்க்கிழமை நீ அனுப்பினது. கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, கடைசியா மாதச் சுகமில்லாமல் வந்த திகதி தெரியவேணும், அக்கா ஒரு கதை சொல்லுறா, எனக்கும் ஒரு தெளிவு வேணும்தானே எண்டு நீ சொன்னது என்ர குசினிச் சுவரில பட்டுக் கேட்டுது நிரோஜன். நான் பெத்த பிள்ளையின்ர குரல். எனக்கு ஓங்காளிச்சுக்கொண்டு வந்தது. உவமைக்குச் சொல்லேல்லை, உண்மையாவே வெளிய போய்க் கிணத்தடியில குந்தியிருந்து சத்தி எடுத்தனான்.

திங்கக்கிழமை கொக்கா கஜேந்தினி தண்ணீரூற்றில இருந்து முறுக்குப் பெட்டியோட வந்தவள். மேனுகாவைச் சுத்திச் சுத்திப் பாத்து, வயிறு இறங்கீட்டுது, எட்டு மாத வயிறு இப்பிடியோ இருக்கும், உது மாதம் நிறைஞ்ச வயிறு எண்டு சொல்லிச் சிரிச்சவள். நானும் பகிடி எண்டு நினைச்சு முறுக்குத் திண்டுகொண்டு இருந்தனான், அதை நினைக்கவே இப்ப வாய் கசக்குது. அவள் பஸ்சில போகேக்கயே உனக்கு அடிச்சு, நீ பங்குனிக் கடைசியில வந்தனி, இப்பவே மாதம் நிறைஞ்சால் அது நீ வர முந்தின பிள்ளை எண்டு எண்ணிக் காட்டியிருக்கிறாள். நீயும் இருந்து கேட்டிருக்கிறாய். சீ, வாயை மூடு அக்கா எண்டு ஒரு சொல்லு உனக்கு வரேல்லையே. செவ்வாய் தொடங்கி வியாழன் மட்டும் அந்தப் பிள்ளை சோறு தண்ணி இல்லாமல், என்னோட ஒரே குசினிக்குள்ள நிண்டுகொண்டு, வயித்து நோவை ஒளிச்சிருக்கிறாள். பிள்ளை முந்தி வந்தால் உங்கட கணக்குக்குள்ள மாட்டுப்படுவன் எண்டு.

இன்னொண்டையும் மறைக்காமல் எழுதுறன். கிணத்தடியில இருக்கேக்க என்ர மனமும் ஒரு கணம் பங்குனி, சித்திரை, வைகாசி எண்டு விரல் மடிச்சுது. மூண்டு விரல் மடிஞ்ச பிறகுதான் நான் என்ன செய்யிறன் எண்டு பாத்தன். உன்னில வந்த அருவருப்பை விட அந்த விரலில எனக்கு வந்த அருவருப்பு கூட. உள்ள வர மிஸ் கொப்பியை எடுத்து, அம்மா பன்ரண்டாவது கிழமை ஸ்கான் எடுத்தது, எல்லாம் சரியா இருக்கு, நீங்களே பாருங்கோ எண்டு நீட்டினா. வேண்டாம் மிஸ், மூடி வையுங்கோ, நான் பாக்கிறதே பிழை எண்டன். மேனுகா அப்பதான் சத்தம் போட்டு அழுதாள், மூண்டு நாளும் அடக்கினது எல்லாம். மிஸ் ஒரு சொல்லுத்தான் சொன்னா, இந்தக் கொப்பி தாயையும் பிள்ளையையும் காப்பாத்த எழுதுறது, வழக்குப் பேச எழுதுறதில்லை எண்டு. நான் தலையைக் குனிஞ்சன். வெளி ஆள் முன்னால என்ர வீடு அம்மணமா நிண்ட மாதிரி இருந்தது.

அடுத்த நாள் நான் பஸ் பிடிச்சுத் தண்ணீரூற்றுக்குப் போனன். கஜேந்தினி தேத்தண்ணி கொண்டு வந்தாள், தொடேல்லை. தம்பியின்ர நன்மைக்குத்தானே அம்மா சொன்னனான் எண்டாள். உன்ர மூத்தவள் எட்டு மாதத்தில பிறந்து இருபது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தாளே, உன்ர மாமி ஆசுபத்திரி விறாந்தையில வெறுநிலத்தில படுத்தாவே, அந்த மனிசி உன்னட்ட நாள் எண்ணினவவோ எண்டு கேட்டன். அழுதாள். அது வெக்கத்தில அழுததோ பிடிபட்டதில அழுததோ எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. பிள்ளைப்பேறு முடியும் மட்டும் எங்கட வாசலுக்கு வராத எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். கொப்பாவுக்கும் சொன்னன். அவர் உன்னைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை, அதுதான் எனக்குப் பயம். சேத்துக் காலோட மேனுகாவின்ர அறை வாசலில நிண்டு, பிள்ளை இது உன்ர வீடு, ஆரும் ஏதும் கேட்டால் என்னட்ட அனுப்பு எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் வயலுக்குப் போட்டார்.

மிஸ் எழுதித் தந்த துண்டோட ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினம், மாயாண்டியண்ணை தன்ர ஓட்டோவில பள்ளம் பாத்துப் பாத்து மெல்லமாக் கொண்டு போனார். சலத்தைச் சோதிச்சதில கிருமி, அதாலயும் வயிறு இறுகும் எண்டு டொக்டர் குளுசை தந்தவர், ஒரு ராத்திரி மறிச்சு வச்சுப் பாத்துப்போட்டு விட்டவை. இப்ப இறுக்கம் நாளுக்கு ஒண்டு ரெண்டுதான். நேற்று மிஸ் திரும்ப வந்து பாத்தவா, முப்பத்தைஞ்சு கிழமை, தலை கீழ திரும்பீட்டுது, எல்லாம் நல்லம் எண்டா. மேனுகா இப்ப ஒளிக்கிறதில்லை, இறுகினால் உடன மாமி எண்டு கூப்பிடுறாள், நான் மணியைப் பாக்கிறன். இன்றைக்கு வந்தாலும் வரட்டும் மாமி, ஆசுபத்திரிப் பை கட்டி வச்சிட்டன் எண்டு தானாச் சொன்னாள். ஆனால் உன்ர பேரை எடுக்கிறதில்லை. உன்ர குரலை அவள் போனில இருந்து அழிக்கவுமில்லை. அழி எண்டு நானும் சொல்லேல்லை.

மகன், நீ தூரத்தில தனிய இருக்கிறாய், வெய்யிலுக்குள்ள வேலை, அறையில கதைக்க நல்ல ஆக்கள் இல்லை, எனக்கு எல்லாம் விளங்குது. தனிய இருக்கிறவன்ர காதுக்குள்ள புழு வைக்கிறது லேசு. ஆனால் உன்ர காதுக்குள்ள வச்ச புழுவை நீ எடுத்து அவளின்ர சோத்துக்குள்ள போட்டனி. அதை நான் மன்னிக்கிறதுக்கில்லை, அவளின்ர விசயம் அது. முதல் பக்கத்தின்ர படம் இந்த வீட்டில இருந்து உனக்கு வராது, மிசிட்டயும் கேட்டு வெக்கப்படுத்தாத. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணி கூடக் குடி, வேலை முடிஞ்ச உடன தலை முழுகாத, சளி பிடிக்கும்.

என்ர ஆசீர்வாதம் முதல் மேனுகாவுக்கும் வயித்தில இருக்கிறதுக்கும். மிச்சம் உனக்கு, குறையாது, பெத்த வயிறு கணக்குப் பாக்காது. ஒண்டை மட்டும் மறக்காத. பின்னேரம் நாலு மணிக்கு அவள் இடப்பக்கமாப் படுத்திருப்பாள், போன் பக்கத்தில இருக்கும். அப்ப எடு. பிழை விட்டிட்டன் எண்டு தொடங்கத் தெரிஞ்சால் எடு, சுகமோ எண்டு தொடங்கிறதெண்டால் எடுக்காத.

இப்படிக்கு,
மேனுகாவின்ர மாமி,
உன்ர அம்மா
வீ. நாகேஸ்வரி